பண்ணைக் குட்டை விரிப்பில் கசிவா? கண்டுபிடிக்கும் முறையும் ஒட்டும் முறையும்

மணற்பாங்கான நிலத்திலும் செம்மண் சரளை நிலத்திலும் குட்டை வெட்டினால் மட்டும் தண்ணீர் நிற்காது. மழை விட்ட சில நாட்களிலேயே அத்தனையும் பூமிக்குள் இறங்கிவிடும். எனவே இத்தகைய நிலங்களில் குட்டையின் அடியிலும் உள்சரிவுகளிலும் பிளாஸ்டிக் விரிப்பு போடும் முறை பரவியுள்ளது. 2005-06ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கம் இதற்கு மானியம் வழங்கிய பின்னர், தமிழகத்தில் தென்னை, வாழை, காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளும் இத்தகைய குட்டைகளை அமைத்துக் கொண்டனர். விரிப்பு நன்றாக இருக்கும் வரை கவலை இல்லை. ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் கோடைக்கென்று சேர்த்து வைத்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஓட்டை சிறியதுதானே என்று விட்டுவிடுவது பெரும் நஷ்டத்தில் முடியும். சுண்டு விரல் பருமன், அதாவது 1 செ.மீ. அகலமுள்ள ஓட்டை ஒன்று, 2 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். விரிப்பின் அடியில் எலி வளையோ சரளைக் கற்களோ இருந்து தண்ணீர் தடையின்றி ஓட வழி இருந்தால், அந்த ஒரு ஓட்டை வழியாக நாள் ஒன்றுக்குச் சுமார் 25,000 லிட்டர் வெளியேறிவிடும். அதே ஓட்டையின் கீழே இறுகிய களிமண் இருந்தால் கசிவு மிகவும் குறைவு. ஆகவே ஓட்டையின் அளவை விட, அதன் அடியில் உள்ள மண்ணின் நிலையே முக்கியம். ஒட்டுப் போடும்போது அடி மண்ணையும் சேர்த்துச் சீர் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

உண்மையில் கசிவுதானா?

கோடையில் குட்டையின் நீர்மட்டம் குறைவதைப் பார்த்ததும் விரிப்பு கிழிந்துவிட்டது என்று முடிவு செய்து தண்ணீரை இறைத்து வெளியேற்றுவோர் உண்டு. வெயிலில் ஆவியாகும் நீரும் சாதாரணமானதல்ல. காற்றும் வெயிலும் மிகுந்த சித்திரை, வைகாசி மாதங்களில் நாள் ஒன்றுக்கு 6, 7 மில்லி மீட்டர் குறைவது இயல்பே. எனவே முதலில் வாளிச் சோதனை செய்தல் வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் குட்டைத் தண்ணீரையே முக்கால் பங்கு நிரப்பி, அதைக் காற்றடைத்த லாரி டியூப்பின் நடுவில் பொருத்திக் குட்டையில் மிதக்கவிட வேண்டும். டியூப் ஒரே இடத்தில் நிற்கும்படி இரு கரைகளிலிருந்தும் கயிறு கட்ட வேண்டும். வாளியைக் கரையில் வைத்தால் அதிலுள்ள தண்ணீர் அதிகம் சூடாகி, ஆவியாவதும் கூடும், கணக்கு தவறிவிடும். வாளியின் உள்பக்கத்தில் நீர்மட்டத்தை அழியாத மையால் குறித்துக் கொள்ள வேண்டும். அதே நேரத்தில் குட்டையின் நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும்.

குட்டையின் மட்டத்தைக் குறிப்பதில்தான் பலர் ஏமாந்து போகின்றனர். விரிப்பு போட்ட குட்டையில் குச்சி நட முடியாது என்பதால், சரிவில் உள்ள விரிப்பின் மேலேயே கோடு போட்டு, மறுநாள் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று அளக்கின்றனர். சரிவு 1.5க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால், மட்டம் 10 மி.மீ. குறையும்போது சரிவின் மேல் 18 மி.மீ. இறங்கியதாகத் தெரியும். இல்லாத கசிவு இருப்பது போலத் தோன்றும். கரையில் ஒரு மூங்கிலை அசையாமல் கல் ஏற்றி, அதன் நுனி தண்ணீருக்கு மேல் நீட்டிக் கொண்டிருக்குமாறு வைத்து, நுனியிலிருந்து தண்ணீர் வரை நேர் கீழாக ஸ்கேல் கொண்டு அளப்பதே சரியான முறை. காற்று எழும்பாத காலை 6 மணிக்கு அளந்தால் அலையின் தொந்தரவு இராது.

மூன்று நாட்கள் தொடர்ந்து அளக்க வேண்டும். அந்த நாட்களில் மோட்டார் போடக் கூடாது. குட்டைக்குள் தண்ணீர் விடவும் கூடாது. மழை பெய்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாளியில் குறைந்ததும் குட்டையில் குறைந்ததும் ஒன்றாக இருந்தால் கசிவு இல்லை. வாளியில் 6 மி.மீ., குட்டையில் 21 மி.மீ. குறைந்தால், வித்தியாசமான 15 மி.மீ. கசிவாகப் போகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். நீர்ப்பரப்பு அன்று 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் இருந்தால், 300 சதுர மீட்டர். அதாவது தினமும் 4,500 லிட்டர் வீண். சொட்டு நீரில் ஒரு தென்னைக்குக் கோடையில் 80 லிட்டர் என்று வைத்தால், 56 மரங்களின் ஒரு நாள் தண்ணீர் இது.

விரிப்பைச் சந்தேகிக்கும் முன்பு

கசிவு உறுதியானாலும் உடனே விரிப்பைத் தடவிப் பார்க்கத் தொடங்க வேண்டாம். குழாய்கள், கரையின் விளிம்பு ஆகிய இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். இவை செலவில்லாமல் சரி செய்யக் கூடியவை.

வயல் குட்டையை விடத் தாழ்வாக இருக்கும் இடங்களில், மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாய் தானாகவே தண்ணீரை இழுத்துக் கொண்டிருப்பது உண்டு. புட்வால்வு இதைத் தடுக்காது. அது தண்ணீர் குட்டைக்குத் திரும்பி வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. இரவில் வயலில் உள்ள குழாயின் முனையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேட்வால்வை மூடி வைப்பதே இதற்குப் பரிகாரம். குழாய் விரிப்பைத் துளைத்துச் செல்லுமாறு அமைத்த குட்டைகளில், அந்த இடமே முதல் சந்தேகத்துக்குரியது. கரை மண் சிறிது அமர்ந்தாலும் குழாய் ஒரு பக்கமும் விரிப்பு ஒரு பக்கமுமாக இழுபட்டு, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும்.

கரையின் மேல் விளிம்பில், விரிப்பின் ஓரத்தைப் புதைத்த பள்ளத்தில் மண் அரித்திருந்தால் விரிப்பு உள்ளே சரிந்து, அந்த இடத்தில் மட்டும் விளிம்பு தாழ்ந்துவிடும். நிறைந்த குட்டையில் அந்தத் தாழ்வான இடத்தின் வழியே தண்ணீர் விரிப்பின் பின்பக்கம் போய்விடும். ரசமட்டம் கொண்டோ, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் கொண்டோ விளிம்பு முழுவதையும் சரி பார்க்கலாம். கரையில் வளர்ந்த புல் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் தொங்கிக் கொண்டிருந்தால், அதுவும் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும். புல்லை அறுத்துவிட வேண்டும்.

கரையின் வெளிப்புறத்தையும் அடிவாரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தாலோ, ஈரம் பொசிந்தாலோ தண்ணீர் வெளிவரும் இடம் அதுதான். ஆனால் ஓட்டையும் அதற்கு நேராகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்; விரிப்பின் அடியில் தண்ணீர் பல அடி தூரம் ஓடி வேறு இடத்தில் வெளிப்படும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெளிவரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அவசரம் இல்லை. கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரையின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். தரை மட்டத்துக்கு மேல் கரை எழுப்பிக் கட்டிய குட்டையாக இருந்தால், கரை உடைந்து கீழே உள்ள வயலையும் வீட்டையும் அடித்துச் செல்லக் கூடும். இந்நிலையில் ஓட்டையைத் தேடிக் கொண்டிராமல் அன்றே தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

தண்ணீரே காட்டிக் கொடுக்கும்

ஓட்டையைத் தேடுவதற்கு எளிய முறை, தண்ணீரைத் தானாக இறங்க விடுவதே. கசிவு இருக்கும் வரை நீர்மட்டம் ஓட்டை உள்ள மட்டம் வரை வேகமாக இறங்கும்; ஓட்டை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் கசிவு நின்று, பிறகு வாளியில் குறையும் அளவே குட்டையிலும் குறையும். ஆகவே தினமும் காலையில் இரண்டு அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். வித்தியாசம் எந்த நாளில் மறைந்ததோ, அந்த நாளின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே ஓட்டை இருக்கிறது. குட்டை முழுவதையும் தேட வேண்டிய வேலை, ஒரு சாண் உயரமுள்ள பட்டையைச் சுற்றித் தேடும் வேலையாகக் குறைந்துவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரின் ஆழம் குறையக் குறைய ஓட்டையின் மேலுள்ள அழுத்தமும் குறைவதால், கசிவு படிப்படியாகத்தான் தணியும். 2 மீட்டர் ஆழத்தில் இருந்த வேகம், அரை மீட்டர் ஆழமாகும்போது பாதியாகிவிடும். எனவே வித்தியாசம் குறைந்துவிட்டது என்பதற்காக ஓட்டை வெளியே வந்துவிட்டது என்று கருதக் கூடாது. அறவே மறைய வேண்டும். ஒரே நாளில் வித்தியாசம் சட்டென்று பாதியாகி, பிறகும் தொடர்ந்தால் ஓட்டைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒன்று வெளியே வந்துவிட்டது, மற்றொன்று இன்னும் கீழே இருக்கிறது.

மட்டம் நின்ற இடத்தில், தண்ணீரின் ஓரமாக விரிப்பைக் கழுவிவிட்டு, கையால் தடவிக் கொண்டே சுற்றி வர வேண்டும். மடிப்புகள், இரண்டு விரிப்புகள் சேரும் இணைப்புகள், மூலைகள் ஆகியவற்றில் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொட்டால் சதசதவென்று அமுங்கும் இடம், அடி மண் கரைந்து குழி விழுந்த இடம், ஆகியவற்றின் அருகில் ஓட்டை நிச்சயம் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சிறு கீறலும் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் கறுப்பு விரிப்பில் எதுவும் தெரியாது.

தண்ணீரை முழுவதும் இழக்க மனம் இல்லாதவர்கள் சாயச் சோதனை செய்யலாம். கேசரிக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கெட்டியாகக் கரைத்து, ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சில் எடுத்து, சொட்டு நீருக்குப் பயன்படும் மெல்லிய குழாயை அதன் நுனியில் மாட்டி, அந்தக் குழாயை ஒரு மூங்கிலின் நுனி வரை கட்டிக் கொள்ள வேண்டும். காற்றில்லாத காலையில், சந்தேகப்படும் இடத்தின் அருகே குழாயின் நுனியைக் கொண்டு சென்று சில துளிகளை மட்டும் விட வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் சாயம் புகை போல் அப்படியே நிற்கும் அல்லது மெதுவாகப் பரவும். ஓட்டை இருந்தால் நூல் இழுத்தது போல் ஒரே இடத்தை நோக்கிச் செல்லும். மீன் வளர்ப்பவர்கள் சாயத்துக்குப் பதிலாகப் பாலைப் பயன்படுத்தலாம். தண்ணீர் கலங்கிப் பச்சை பிடித்த குட்டையில் இந்தச் சோதனை பயன்படாது.

குட்டை அடிவரை வற்றிவிட்டால் ஓட்டை அடித்தளத்தில் உள்ளது. வண்டலை வாரி வெளியேற்றும்போது மண்வெட்டியையோ இரும்புச் சட்டியையோ பயன்படுத்தினால் ஒரு ஓட்டைக்குப் பத்து ஓட்டை விழும். மரப்பலகையும் பிளாஸ்டிக் முறமும் போதும். கழுவி ஒரு நாள் காய விட்டால் வேடிக்கையான ஒரு குறி தோன்றும்: விரிப்பின் அடியில் தேங்கிய தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே திரும்ப மேலே கசியும். மற்ற இடம் காய்ந்திருக்க, ஒரு இடம் மட்டும் ஈரமாக இருந்தால் அதைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் கொள்ளலாம்.

இறங்குவதற்கு முன்

விரிப்பு போட்ட குட்டை கிணற்றை விட ஆபத்தானது. கிணற்றில் படி உண்டு, கல் உண்டு. பாசி படிந்த ஈர விரிப்பிலோ கால் ஊன்ற இடமே கிடையாது. நீச்சல் தெரிந்தவராலும் மேலே ஏற முடியாமல் போய்விடும். சிறுவர்களும் பெரியவர்களும் இத்தகைய குட்டைகளில் உயிரிழந்திருக்கின்றனர். ஆகவே எவரும் தனியாக இறங்கக் கூடாது. கரையில் ஒருவர் நிற்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு ஒன்றை மரத்திலோ ஆழமாக நட்ட கம்பத்திலோ கட்டித் தண்ணீர் வரை தொங்கவிட வேண்டும். காற்றடைத்த டியூப் ஒன்று எப்போதும் மிதந்து கொண்டிருக்கட்டும். நீரில் மூழ்கும் மோட்டார் உள்ள குட்டையில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக் கொண்ட பிறகே இறங்க வேண்டும். கயிறும் டியூப்பும் பழுது பார்க்கும் நாளுக்கு மட்டும் உரியவை அல்ல. என்றும் இருக்க வேண்டியவை. சுற்றிலும் வேலி இல்லாத குட்டைக்கு ஒட்டுப் போடுவதற்கு முன் வேலி போடுவதே முறை. வேலி இருந்தால் ஆடுகளின் குளம்பும் நாய்களின் நகமும் விரிப்பைக் கிழிப்பதும் குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது குட்டையைக் காலி செய்வது தவறு. அடியிலிருந்து வரும் நீர் விரிப்பைப் பலூன் போல் தூக்கிவிடும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் இயல்பாகவே குறைந்திருக்கும். பழுது பார்க்க அதுவே ஏற்ற காலம். அப்போதும் ஒரே நாளில் இறைத்துவிடாமல், சில நாட்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊறிய கரை மண் தண்ணீரின் தாங்கல் திடீரென்று போனால் சரிந்து விழும்.

என்ன விரிப்பு என்று அறிதல்

ஒட்டும் முறை விரிப்பின் வகையைப் பொறுத்தது. இதை அறியாமல் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை வாங்கித் தடவி ஏமாறுவோர் பலர். பாலிதீன் விரிப்பில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. ஒட்டிய அன்று பிடித்தது போல் இருக்கும். தண்ணீர் நிரப்பினால் உரிந்து வரும்.

விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்புக் கலந்த தண்ணீரில் அமுக்கிவிட்டால் வகை தெரிந்துவிடும். மிதந்தால் பாலிதீன். மூழ்கினால் பி.வி.சி. அல்லது ரப்பர் வகை. இழுத்தால் ரப்பர் போல் நீண்டு சுருங்குவது ரப்பர் வகை. பாலிதீனிலும் இரண்டு உண்டு. வெட்டிய ஓரத்தில் பட்டையான நூல்கள் தெரிந்தால் அது நெய்து மேற்பூச்சு இட்ட விரிப்பு. இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15351. நூல் இல்லாமல் ஒரே தாளாக இருந்தால் அது வார்ப்புத் தாள். 500 மைக்ரான் கனம், அதாவது அரை மி.மீ., பெரும்பாலான குட்டைகளில் போடப்படுகிறது.

மற்றொரு சோதனையும் தேவை. தண்ணீருக்கு மேலே எப்போதும் வெயில் படும் பகுதியில் விரிப்பை மடித்து விரலால் அழுத்த வேண்டும். மடிப்பில் வெடிப்பு விழுந்தால் வெயிலில் விரிப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போடுவது காசைக் கரைப்பதாகும்; ஒட்டின் ஓரத்திலேயே மறுபடியும் கிழியும்.

அடி மண்ணைச் சீர் செய்தல்

ஓட்டையைக் கண்டதும் மேலே ஒட்டிவிட ஆசை எழும். அதற்கு முன் அது ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும். ஓட்டையைச் சற்று அகலமாக்கி உள்ளே விரலை விட்டால் கூரிய கல்லா, கருவேல முள்ளா, எலி வளையா என்பது தெரியும். கல்லும் முள்ளும் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கீழிருந்து மேலாகக் குத்திய ஊசித் துளைகள் கூட்டமாக இருந்தால் அது கோரையின் வேலை. கோரை முளை அரை மி.மீ. தாளையும் துளைத்துக் கொண்டு வரும். அந்த இடத்தில் விரிப்பை மூன்று பக்கம் வெட்டித் திறந்து, கிழங்குகளைத் தோண்டி எடுக்காமல் ஒட்டுப் போட்டால் அடுத்த மாதம் ஒட்டையும் துளைத்துவிடும்.

பெருச்சாளி, எலி, நண்டு ஆகியவை கரையின் வெளிப்புறத்திலிருந்து வளை தோண்டி விரிப்பு வரை வந்துவிடுகின்றன. இதற்கு வெளிப்பக்கம் வளையைத் தோண்டித் திறந்து, ஈரக் களிமண்ணை ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டுக் கெட்டித்து வர வேண்டும். வாயில் மட்டும் மண்ணை அடைப்பது பயன் தராது. உள்பக்கம் மண் கரைந்து விழுந்த குழியைச் சலித்த மண்ணால் நிரப்பி, திமிசுக் கட்டையால் இறுக்கி, சுற்றியுள்ள மட்டத்துக்குச் சமமாக்க வேண்டும். குழியின் மேல் தொங்கும் ஒட்டு, 2 மீட்டர் தண்ணீரின் பாரத்தைத் தாங்காது. விரிப்பு உப்பிக் கொண்டிருக்கும் இடம் ஓட்டை அல்ல. அடியில் கிடந்த வைக்கோல், எரு போன்றவை மக்கிக் காற்று சேர்ந்திருக்கிறது. அதைக் குத்திவிடாமல், விளிம்பை நோக்கித் தள்ளி வெளியேற்ற வேண்டும்.

ஒட்டுப் போடுதல்

ஒட்டுக்கான துண்டு அதே வகை, அதே கனமுள்ள விரிப்பாக இருக்க வேண்டும். ஓட்டையின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 15 செ.மீ. தாண்டும் அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்க வேண்டும். கூரிய மூலைதான் முதலில் உரியத் தொடங்கும். நீளமான கிழிசலாக இருந்தால், அதன் இரு முனைகளிலும் சிறிய வட்டத் துளை இட வேண்டும்; இல்லாவிடில் ஒட்டின் அடியிலேயே கிழிசல் ஓடும். பனி உலர்ந்த பின் காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை வேலை செய்வது சிறந்தது. உச்சி வெயிலில் பாலிதீன் விரிந்து அலை அலையாக நிற்கும்; அப்போது ஒட்டினால் இரவில் சுருங்கி ஒட்டை இழுக்கும். விரிப்பை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பாசியின் வழவழப்பு சிறிதும் இருக்கக் கூடாது.

பாலிதீன் விரிப்புக்குச் சரியான முறை வெப்பக் காற்றால் உருக்கி இணைப்பதே. விரிப்பு போட வந்தவர்களிடம் இதற்கான ஹீட் கன் இருக்கும், வாடகைக்கும் கிடைக்கும். பாலிதீன் சுமார் 110 முதல் 130 டிகிரி சென்டிகிரேடில் உருகுவது. காற்றைத் துண்டுக்கும் விரிப்புக்கும் இடையே செலுத்தி, இரண்டு பரப்பும் பளபளத்து உருகத் தொடங்கியதும் சிறு உருளையால் அழுத்திக் கொண்டே நகர வேண்டும். புகை எழுந்தால் சூடு அதிகம், தாள் மெலிந்துவிடும். நெய்த விரிப்பில் அதிகச் சூடு பட்டால் நூல்கள் சுருண்டு கொள்ளும். ஆகவே முதலில் இரண்டு கழிவுத் துண்டுகளை இணைத்து, ஆறிய பின் இழுத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு பிரிந்து வந்தால் சூடு போதவில்லை. இணைப்பு நின்று தாள் கிழிந்தால் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்கும் ஆளிடம், செய்து காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மின்சாரக் கருவி என்பதால் ஒயரும் இணைப்பும் தண்ணீரில் படாமல் கரையிலேயே இருக்க வேண்டும்.

ஒட்டு ஆறிய பின் மொட்டையான ஸ்குரூ டிரைவரை ஓரம் முழுவதும் மெதுவாக ஓட்டிச் சென்றால், பிடிக்காத இடத்தில் நுனி உள்ளே நுழையும். அங்கு மட்டும் மீண்டும் சூடு காட்ட வேண்டும்.

ஹீட் கன் கிடைக்காத இடத்தில் பியூட்டைல் ரப்பர் டேப் உதவும். இது பாலிதீனிலும் ஓரளவு பிடிக்கக் கூடிய, பிசுபிசுப்பான கெட்டி டேப். துண்டின் ஓரம் முழுவதும் இடைவெளி இல்லாமல் டேப்பைச் சுற்றி ஒட்டி, மேலே அழுத்தி, மணல் மூட்டையை ஒரு நாள் வைக்க வேண்டும். அடுத்த கோடை வரை தாக்குப்பிடித்தாலே நல்லது. பி.வி.சி. விரிப்புக்கு அதற்கென்றே உள்ள பசை நன்றாகப் பிடிக்கும். ரப்பர் விரிப்புக்கு அதன் பிரைமரும் ஒட்டுப் பட்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

குழாய் துளைத்துச் செல்லும் இடத்தில் ஒட்டுப் போட்டு மட்டும் பயன் இல்லை. குழாயில் பிளேஞ்ச் பொருத்தி, விரிப்பின் மேலும் கீழும் ரப்பர் வாஷர் வைத்து, போல்ட்டுகளைச் சமமாக முறுக்கி இறுக்க வேண்டும். முடிந்தால் அந்தக் குழாயையே அடைத்துவிட்டு, கரையின் மேலாகக் குழாய் கொண்டு போவது இன்னும் நல்லது. புட்வால்வு விரிப்பின் மேல் உரசிக் கிடப்பதும் ஓட்டைக்கு ஒரு காரணம்; காலி பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி, அடியிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிடலாம்.

பயிர் வாடிக் கொண்டிருக்கும்போது தண்ணீரை வெளியேற்றிப் பழுது பார்க்க வழி இராது. அப்போது ஓட்டை இருக்கும் இடம் தெரிந்தால், அதைவிட இரண்டடி பெரிய விரிப்புத் துண்டை அதன் மேல் படியவிட்டு, கல் கலவாத மணலை நிரப்பிய சாக்குகளை ஓரங்களில் வைக்கலாம். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடுவதால், துண்டு தானாகவே இழுத்துப் பிடித்துக் கொள்ளும். கசிவு முற்றிலும் நிற்காவிட்டாலும் அறுவடை வரை தண்ணீரைக் காக்கும். பென்டோனைட் களிமண் பொடியை ஓட்டையின் மேல் தூவுவதும் உண்டு. அடி மண் நைசாக இருக்கும் இடத்தில் அது ஊறி உப்பி அடைக்கும். எலி வளைக்கு மேல் எத்தனை மூட்டை தூவினாலும் அத்தனையும் வளைக்குள் போகும்.

மீண்டும் நிரப்பும்போது

ஒட்டிய பின் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. ஒட்டு மூழ்கி அரை மீட்டர் உயரம் தண்ணீர் நின்றதும் நிறுத்தி, இரண்டு நாள் வாளிச் சோதனை செய்து பார்க்க வேண்டும். வித்தியாசம் இல்லாவிட்டால் மேலும் நிரப்பலாம். இருந்தால், இன்னொரு ஓட்டை தண்ணீருக்குள் இருக்கிறது. குறைந்த தண்ணீரிலேயே அது தெரிந்தது நல்லதே. தண்ணீர் விழும் இடத்தில் ஒரு விரிப்புத் துண்டையோ தடித்த சாக்கையோ போட்டு வைத்தால், அருவி போல் விழும் நீர் ஒட்டை உரிக்காது.

விரிப்பு போடும்போது மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு போய் நெல் காயப் போடப் பயன்படுத்திவிடாமல், வெயில் படாத இடத்தில் சுருட்டி வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதே வகைத் துண்டைக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது. ஓட்டை விழுந்த இடங்களைக் குட்டையின் படம் ஒன்று வரைந்து தேதியுடன் குறித்து வந்தால், அடுத்த முறை எந்தக் கரையிலிருந்து தேடுவது என்று தெரியும். ஒரே பக்கத்தில் மூன்று, நான்கு ஒட்டு விழுந்திருந்தால் அந்தக் கரையின் மண்ணில்தான் கோளாறு; அந்தப் பக்கத்து விரிப்பை மட்டும் வெட்டித் தூக்கி, கரையை மீண்டும் செதுக்கிச் சமன் செய்து, புது விரிப்பை இணைப்பது பற்றி அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் யோசனை கேட்கலாம்.